பித்தளை எங்கே போகிறது?

காஞ்சி என்றதும் கோபுரமும் பட்டும் எல்லோர் நினைவிலும் எழும். அந்தப் பட்டுக்குப் பொலிவு தரும் ஜரிகை வெள்ளிக் கம்பியிலிருந்து பிறக்கிறது என்பதும் நாம் அறிந்ததே. தடித்த வெள்ளிக் கம்பியை ஒன்றைவிட ஒன்று சிறிதான துளைகளின் வழியே பலமுறை இழுத்து மெல்லியதாக்குவர். பிறகு அதைத் தட்டையாக்கிப் பட்டு நூலின்மேல் சுற்றிப் பொன்முலாம் பூசுவர். துளையிட்ட அந்த அச்சைத்தான் பட்டறைகளில் 'டை' என்கிறார்கள்.

ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பி அரை மில்லிமீட்டராக ஒடுங்கும்போது அதன் நீளம் எவ்வளவு ஆகும்? இரு மடங்கு என்று சட்டென்று சொல்லத் தோன்றும். உண்மையில் நான்கு மடங்கு ஆகும். குறுக்குவெட்டுப் பரப்பு நான்கில் ஒரு பங்காகிவிட்டது. வெள்ளியோ மாயமாய் மறைவதில்லை. ஆகவே அது நீளமாகத்தான் போயாக வேண்டும்.

இந்தச் சிறிய உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சுட்ட கூட்டை மீண்டும் பயன்படுத்துவோர் அதன் வாயை அடிக்கடி வெட்டிக் குறைக்க வேண்டியிருக்கிறது. எத்தகைய அச்சைத் தேர்ந்தால் இந்த வெட்டு வேலை குறையும்? அவ்வாறு குறைவதால் கிடைக்கும் பயன் நேரம் மட்டும்தானா? இவையே நம் முன்னுள்ள வினாக்கள்.

காலித் தோட்டா

தேசிய மாணவர் படையில் சேர்ந்து .22 துப்பாக்கியால் சுட்டுப் பழகியவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. சுட்டு முடித்ததும் தரையில் கிடக்கும் காலித் தோட்டாக்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி, எண்ணி, ஒப்படைக்க வேண்டும். அந்த .22 தோட்டாவை மீண்டும் நிரப்புவது என்பது நடைமுறையில் இல்லை. தீப்பற்றும் மருந்து அதன் அடி விளிம்பின் மடிப்புக்குள்ளேயே இருக்கிறது. சுடும்போது ஊசி அந்த விளிம்பையே நசுக்கிவிடுகிறது.

பெரிய துப்பாக்கித் தோட்டாவின் அமைப்பு வேறு. அதற்கு நான்கு உறுப்புகள் உண்டு: பித்தளைக் கூடு, அடியின் நடுவில் பதிந்த பிரைமர் என்னும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டவுடன் மருந்து எரிந்து தீர்கிறது, குண்டு பறந்துவிடுகிறது, பிரைமர் வீணாகிறது. கூடு மட்டும் எஞ்சுகிறது. விலை மிகுந்த உறுப்பும் அதுவே. எனவே அமெரிக்கா போன்ற நாடுகளில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டினரும் வேட்டைக்காரரும் அந்தக் கூட்டை ஒடுக்கி, புதுப் பிரைமர் பொருத்தி, மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்துகின்றனர்.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இக்கட்டுரையைச் செய்முறைக் குறிப்பாகக் கொள்ளாமல் உலோகவியல் பாடமாகவே கொள்ள வேண்டுகிறேன். ஆயினும் பாடம் நமக்கு அந்நியமானதன்று. நம் நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் படையினரும் காவலரும் தோளில் சுமந்த .303 துப்பாக்கியே இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு.

கூடு பிறக்கும் விதம்

தோட்டாக் கூட்டிற்கான பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இந்தக் கலவை நன்கு இழுபடும். இழுபட்டபின் உறுதியும் பெறும். முதலில் ஒரு வட்டத் தகட்டை அழுத்திக் கிண்ணமாக்குவர். பிறகு அச்சுகளின் வழியே படிப்படியாக இழுத்து நீண்ட குழலாக்குவர். ஒவ்வொரு முறை இழுத்தபின்னும் பித்தளை விறைத்துக் கடினமாகும். அப்படியே மேலும் இழுத்தால் கிழியும். ஆகவே இடையிடையே சூடேற்றிப் பதப்படுத்தி மென்மையாக்குவர். ஜரிகைக் கம்பி இழுப்பவர் கைக்கொள்ளும் அதே முறைதான் இது.

இறுதியாகக் குழலின் மேற்பகுதியை ஒடுக்கித் தோளும் கழுத்தும் அமைப்பர். பழைய .303 தோட்டாவில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்கு இட்ட மருந்து கார்டைட். நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய தொழிற்சாலை இம்மருந்துக்கென்றே ஏற்பட்டது. கார்டைட் தூளாக இருக்காது. மெல்லிய குச்சிகளாக இருக்கும். குறுகிய கழுத்தின் வழியே குச்சிக் கட்டை நுழைப்பது அரிது. ஆகவே முதலில் மருந்தை உள்ளே வைத்துவிட்டு அதன் பிறகே கழுத்தை ஒடுக்கினர். சூடேற்றாமல், வெறும் அழுத்தத்தால் பித்தளையை இடம்பெயர்க்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூட்டின் சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனம் உடையதன்று. அடி மிகத் தடித்தது. மேலே செல்லச் செல்ல மெலிந்து, தோளிலும் கழுத்திலும் மிக மெல்லியதாகிறது. இந்த வேறுபாட்டை நினைவில் கொண்டால்தான் பின்வருவது விளங்கும்.

கூடு நீள்வது ஏன்?

கூடு மூன்று இடங்களில் நீள்கிறது.

முதலாவது, சுடும்போது. துப்பாக்கியின் அறைக்குள் தோட்டா மிக இறுக்கமாகப் பொருந்துவதில்லை; சிறிது இடைவெளி இருந்தே தீரும். மருந்து எரியும்போது சதுர அங்குலத்திற்கு 40,000 பவுண்டுக்கும் மேலான அழுத்தம் பிறக்கிறது. காரின் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்று 30 பவுண்டு அளவே என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் கூட்டின் மெல்லிய மேற்சுவர் பலூன் போல விரிந்து அறைச் சுவரை இறுகப் பற்றிக்கொள்கிறது. தடித்த அடிப்பகுதி விரிவதில்லை. பின்னால் இருக்கும் போல்ட்டை நோக்கித் தள்ளப்படுகிறது. மேல் பாதி பிடித்துக்கொள்ள, கீழ் முனை பின்வாங்க, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு குறுகிய வளையம் இழுபட்டு மெலிகிறது. அடியிலிருந்து சற்று மேலே உள்ள இந்த வளையமே கூட்டின் உயிர்நிலை.

இரண்டாவது, அச்சில் ஒடுக்கும்போது. விரிந்த கூட்டை அச்சினுள் தள்ளினால் அதன் உடல் சுருங்கும். சுருங்கிய பித்தளைக்குப் போக்கிடம் வேண்டுமல்லவா? சுவர் சற்றே தடிக்கும். மீதி மேல்நோக்கி ஓடித் தோளையும் கழுத்தையும் உயர்த்தும்.

மூன்றாவது, அச்சிலிருந்து வெளியே இழுக்கும்போது. சாதாரண அச்சு கழுத்தைத் தேவைக்கு மேல் ஒடுக்கிவிடும். அதைச் சரியான அளவுக்கு விரிக்க அச்சின் நடுத்தண்டில் ஒரு குமிழ் இருக்கும். கூடு வெளியே வரும்போது இந்தக் குமிழ் கழுத்தின் உள்ளே உராய்ந்து வருகிறது. உள்ளே மசகு இல்லையேல் குமிழ் கழுத்தையும் தோளையும் பிடித்து இழுத்து நீட்டிவிடும்.

ஒரு சிறு கணக்கு

.303 கூட்டின் பெரும நீளம் 2.222 அங்குலம், அதாவது ஏறத்தாழ 56.4 மில்லிமீட்டர். வெட்டும்போது 2.212 அங்குலத்திற்குக் குறைப்பது வழக்கம். ஆக, ஒருமுறை வெட்டியபின் மறுமுறை வெட்டும் வரை கூடு வளர்வதற்கு உள்ள இடம் 0.25 மில்லிமீட்டரே.

சுட்டபின் விரிந்த உடலின் சராசரி விட்டம் 11 மில்லிமீட்டர் என்றும், அச்சு அதை 0.1 மில்லிமீட்டர் ஒடுக்குகிறது என்றும் கொள்வோம். இது நூற்றுக்கு 0.9 பங்கு சுருக்கம். இந்தச் சுருக்கத்தில் பாதி சுவரின் கனமாகவும் பாதி நீளமாகவும் மாறும் என்று கொண்டால், நீள வளர்ச்சி நூற்றுக்கு 0.45. ஒடுங்கும் உடலின் நீளம் 40 மில்லிமீட்டர் எனில் வளர்ச்சி 0.18 மில்லிமீட்டர். அதாவது இரண்டாம் முறை ஒடுக்கும்போதே வெட்டுக்கருவியைத் தேட வேண்டும்! இது தோராயக் கணக்கே. எனினும் விட்டத்தில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு மாற்றம் நீளத்தில் எப்படிப் பேசுகிறது என்பதை இது காட்டுகிறது.

வெட்டாமல் விட்டால் என்ன? நீண்ட கூட்டின் வாய், அறையின் முடிவில் உள்ள குறுகலில் போய் இடித்துக் குண்டை நெருக்கிப் பிடிக்கும். குண்டு எளிதில் விடுபடாமையால் அழுத்தம் எல்லை மீறும். ஆகவே நீண்டதை வெட்டியே ஆகவேண்டும். வெட்டும் தேவையையே குறைப்பதுதான் அறிவுடைமை.

அச்சு வகைகள்

1. முழுநீள அச்சு: உடல், தோள், கழுத்து மூன்றையும் ஒருங்கே ஒடுக்குவது. இவ்வாறு ஒடுக்கிய தோட்டா அதே வகைத் துப்பாக்கி எதிலும் நுழையும் என்பது இதன் சிறப்பு. பித்தளையை மிகுதியாக இடம்பெயர்ப்பது இதன் குறை. அச்சை அடித்தாங்கியில் முட்டும்வரை திருகி மேலும் சிறிது திருகுக என்ற பொதுக் கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் தோள் தேவைக்கு மேல் பின்தள்ளப்படும். அடுத்த முறை சுடும்போது அது மீண்டும் முன்னே ஓடும். இந்தப் போக்குவரத்துக்கு வேண்டிய பித்தளை அந்த உயிர்நிலை வளையத்திலிருந்தே வருகிறது.

2. சிற்றடி அச்சு: உடலின் அடிப்பகுதியை இன்னும் சிறிதாக ஒடுக்குவது. தானியங்கித் துப்பாக்கிகளில் தோட்டா தடையின்றி நுழைவதற்காக ஏற்பட்டது. தேவையின்றி இதை வாங்குவோர் தாமே வெட்டு வேலையைத் தேடிக்கொள்கின்றனர்.

3. கழுத்து அச்சு: கழுத்தை மட்டும் ஒடுக்கிக் குண்டைப் பிடிக்கச் செய்வது. உடலும் தோளும் அறையின் வடிவிலேயே நிலைக்கின்றன. பித்தளை இடம்பெயர்வது மிகக் குறைவாதலால் நீள்வதும் குறைவு. ஆனால் அதே துப்பாக்கிக்கே அது பொருந்தும். சில முறை சுட்டபின் போல்ட் மூடுவது கடினமாகும். அப்போது உடலையும் சிறிது ஒடுக்கியே ஆகவேண்டும்.

4. காலெட் கழுத்து அச்சு: அமெரிக்காவின் லீ நிறுவனம் செய்வது இவ்வகை. கழுத்தின் உள்ளே ஒரு தண்டு நிற்க, வெளியிலிருந்து பிளவுபட்ட வளையத்தின் விரல்கள் கழுத்தை அத்தண்டின்மேல் அமுக்குகின்றன. இழுக்கும் குமிழ் இதில் இல்லை, மசகும் வேண்டியதில்லை. நீளும் காரணங்களில் மூன்றாவது இங்கே அடியோடு நீங்குகிறது.

5. மாற்று வளைய அச்சு: கழுத்தை ஒடுக்கும் பகுதி தனி வளையமாக இருக்கும். நம் கூட்டின் சுவர்க் கனத்தை அளந்து அதற்கேற்ற வளையத்தைப் பொருத்தலாம். தேவைக்கு மேல் ஒடுக்கிப் பின் விரிக்கும் இரட்டை வேலை குறைகிறது.

6. நீளம் தடுக்கும் அச்சு: ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் 'எக்ஸ்-டை' இவ்வகையினது. முதலில் ஒருமுறை கூட்டைப் பெரும நீளத்திற்கு 0.020 அங்குலம் குறைவாக வெட்டிவிட வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறை ஒடுக்கும்போதும் உள்தண்டின் படி கூட்டின் வாயில் முட்டி, அது மேலே வளராமல் தடுக்கும்.

.303 கற்பிக்கும் பாடம்

.303 தோட்டாவின் அடியில் வெளியே நீண்ட விளிம்பு ஒன்று உண்டு. தோட்டா அறைக்குள் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதை நிர்ணயிப்பது அந்த விளிம்பே. தோள் எங்கே நிற்கிறது என்பது சுடுவதற்கு ஒரு பொருட்டன்று. போர்க்களத்தின் சேற்றிலும் மணலிலும் தோட்டா தடையின்றி நுழைய வேண்டும் என்பதற்காக அறையையும் தாராளமாகவே குடைந்தனர். ஆகவே முதன்முறை சுட்டதுமே தோள் கணிசமாக முன்னே பாய்கிறது.

படைவீரனுக்கு இதனால் நட்டமில்லை. அவன் கூட்டை மீண்டும் பயன்படுத்துவதில்லை. நம் படையினரின் .303 கூடுகளில் 'பெர்டான்' வகைப் பிரைமர் அமைந்திருந்ததால் பழைய பிரைமரைத் தள்ளி எடுப்பதும் எளிதன்று. இதில் ஒரு முரண் உண்டு. பெர்டான் அமெரிக்கர்; அவர் முறையைப் பிரிட்டிஷார் கைக்கொண்டனர். பாக்ஸர் ஆங்கிலேயர், அவர் முறையை அமெரிக்கர் கைக்கொண்டனர். மீண்டும் நிரப்ப எளிதானது பாக்ஸர் முறையே.

பாக்ஸர் வகை .303 கூட்டை மீண்டும் நிரப்புகிறவர் முழுநீள அச்சால் தோளைப் பழைய இடத்திற்கே தள்ளினால் என்ன ஆகும்? ஒவ்வொரு முறையும் தோள் முன்னும் பின்னும் ஓடும். ஒரு சுடுதலுக்கு உயிர்நிலை வளையம் 0.15 மில்லிமீட்டர் இழுபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வளையத்தின் அகலம் 5 மில்லிமீட்டர் எனில் அது நூற்றுக்கு 3 பங்கு. ஐந்து முறையில் சுவரின் ஏழில் ஒரு பங்கு கரைந்துவிடும். இழுபடும் இடம் எப்போதும் அதே இடமாதலால், மெலிந்த இடமே மேலும் மெலியும். ஒருநாள் கூடு இரண்டாக அறுந்து, அடி மட்டும் வெளியே வர, மேல்பாதி அறைக்குள் சிக்கிக்கொள்ளும். கொதிக்கும் வாயு பின்னோக்கிச் சீறினால் சுடுபவரின் கண்ணுக்கே ஆபத்து.

ஆகவே .303 கூட்டைத் தோள் முன்னேறிய இடத்திலேயே விட்டுக் கழுத்தை மட்டும் ஒடுக்குவது நல்லது. அப்போது கூடு விளிம்பில் மட்டுமன்றித் தோளிலும் தாங்கப்படும்; பின்வாங்க இடமில்லை; இழுபடவும் வழியில்லை.

7.62 மில்லிமீட்டர் போன்ற, விளிம்பு வெளியே நீளாத தோட்டாக்களில் தோளே அளவுகோல். அங்கே முழுநீள அச்சைப் பயன்படுத்தினாலும், சுட்ட கூட்டின் அடியிலிருந்து தோள் வரை முதலில் அளக்க வேண்டும். பிறகு அச்சைச் சிறிது சிறிதாகத் திருகி, தோள் 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை பின்சென்றதும் நிறுத்திவிட வேண்டும். போல்ட்டைக் கையால் இயக்கும் துப்பாக்கிக்கு இது போதும். தானியங்கித் துப்பாக்கிக்கு இன்னும் சற்றுத் தாராளம் வேண்டும்.

வெட்டாமை வேறு, தேயாமை வேறு

இங்கேதான் அச்சைத் தேர்வோர் ஏமாறும் இடம் வருகிறது. 'எந்த அச்சை வாங்கினால் வெட்ட வேண்டியதில்லை?' என்று மட்டும் கேட்பவர், நீளம் தடுக்கும் அச்சை வாங்கி நிம்மதி அடையலாம். அச்சு தன் வேலையைச் சரியாகவே செய்யும், வாய் வளராது. ஆனால் சுடும்போது அடியருகே நிகழும் இழுபடலை அந்த அச்சு தடுக்குமா? தடுக்காது. தோளை மிகுதியாகப் பின்தள்ளும்படி அதை அமைத்துவிட்டால், உயிர்நிலை வளையம் முன்போலவே மெலிந்துகொண்டிருக்கும். முன்பு நீளம் கூடுவதைக் கண்டு 'எங்கிருந்தோ பித்தளை வருகிறது' என்று அறியவாவது முடிந்தது. இப்போது அந்த எச்சரிக்கை மணியின் நாவையும் கட்டிவிட்டோம்.

நீளம் என்பது நோயின் அறிகுறி, மெலிவே நோய். எனவே எந்த அச்சைப் பயன்படுத்தினாலும் கூட்டின் உள்ளே சோதிக்கும் வழக்கத்தை விடலாகாது. முனை கூராக வளைத்த ஒரு மெல்லிய கம்பியைக் கூட்டினுள் விட்டு, அடியிலிருந்து மேல்நோக்கிச் சுவரைத் தடவி வரவேண்டும். பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கூட்டைத் தூக்கி எறிவதே முறை. வெளிப்புறத்தில் அடிக்குச் சற்று மேலே பளபளக்கும் வளையக் கோடு தெரிந்தாலும் ஐயுற வேண்டும்.

மழைக்காலத்து வெடிப்பு

அச்சால் நெருக்குண்ட பித்தளை அந்த நெருக்கத்தை மறப்பதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே நடந்த சான்று ஒன்றுண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் சேமித்து வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள், எவரும் தொடாமலே தாமாக வெடித்துக் கீறல் விட்டன. பருவத்தோடு வந்ததால் 'பருவ வெடிப்பு' என்றே பெயர் பெற்றது. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் இதற்கு விளக்கம் தந்தனர். இழுத்து உருவாக்கியபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட விறைப்பும், குதிரைலாயச் சிறுநீரிலிருந்து எழுந்து ஈரக் காற்றில் கலந்த அம்மோனியாவும் சேர்ந்தே கூட்டைப் பிளந்தன. சூடேற்றி விறைப்பை நீக்கியதும் வெடிப்பு நின்றது.

இன்றும் பலமுறை ஒடுக்கிய கூட்டின் கழுத்து விறைத்து வெடிப்பதுண்டு. கழுத்தை மட்டும் பதமாகச் சூடேற்றினால் ஆயுள் நீளும். அடியைச் சூடேற்றி மென்மையாக்கினால் அதுவே கேடு. அம்மோனியா கலந்த மெருகுப் பூச்சைக் கூட்டின்மேல் படவிடுவதும் தவறு.

முடிவுரை

ஒரே துப்பாக்கி, கையால் இயக்கும் போல்ட், நிதானமாகக் குறிபார்க்கும் விளையாட்டு என்றால் கழுத்து அச்சே ஏற்றது. அதிலும் காலெட் வகை சிறந்தது. பல துப்பாக்கிகளுக்கும் பொதுவாகவோ, தானியங்கிக்கோ வேண்டுமெனில் முழுநீள அச்சே தக்கது. ஆனால் அளந்து, தோளைக் குறைந்த அளவே தள்ளுமாறு அமைக்க வேண்டும். குமிழ் இழுக்கும் அச்சாயின் கழுத்தின் உள்ளே மசகு தடவ வேண்டும். நீளம் தடுக்கும் அச்சைத் தேர்ந்தால் கம்பிச் சோதனையை இரட்டிப்புக் கவனத்துடன் செய்ய வேண்டும்.

ஜரிகைப் பட்டறையில் கம்பி நீள்வது ஆதாயம்; அதற்காகவே இழுக்கிறார்கள். தோட்டாக் கூட்டில் நீள்வது கடன். ஒருநாள் வட்டியோடு கேட்கும். இரண்டிலும் விதி ஒன்றே: உலோகம் காணாமல் போவதில்லை, இடம் மாறுகிறது. வெட்டி எறிந்த பித்தளைச் சுருளைக் கையில் எடுத்துப் பார்க்கும் ஒருவர், 'இது எந்த இடத்திலிருந்து வந்தது?' என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும். சரியான அச்சைத் தேரும் அறிவு அந்தக் கேள்வியிலேயே பிறந்துவிடும்.